கழுத்துவரை எண்ணெய்

அத்தியாயம் 6

சிவமணியின் வலது கையில் மூன்று விரல்கள் மூன்று திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றை நேற்றிரவு உடைத்தார்களாம். மற்ற இரண்டையும் இன்று விடியற்காலையில். முகத்தில் கண் எது, வீக்கம் எது என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. பொலிஸ் நிலையத்தின் பின்னறையில், சுவரோடு சாய்த்து வைத்த மூட்டையைப் போல அவனை உட்கார வைத்திருந்தார்கள்.

"அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் கொன்ஸ்டபிள் கதவருகில் நின்றான்.

அருந்ததி மிஸ் தரையிலேயே அவன் எதிரில் உட்கார்ந்தார். மிஸ்ஸைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். காப்புறுதிக் கொம்பனியில் பதினான்கு வருடம் விபத்து வாகனங்களைப் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்தவர். இப்போது அதே வேலையைத் தனியாகச் செய்கிறார். நான் றவூப். மருதானையில் எஞ்சின் திருத்தும் பட்டறை வைத்திருந்து மூடியவன், இப்போது ஓட்டோக்காரன், மிஸ்ஸின் உதவியாளன், அவருடைய கோபம் வந்து இறங்கும் முதல் தரிப்பிடம்.

"சிவமணி, நேரமில்லை. நேற்றுப் பின்னேரம் அஞ்சரைக்கு எங்க இருந்தனீர்?"

"நாலு மணிக்கே புல்லு வெட்டுற மெஷினத் தொடச்சு கொட்டகையில வெச்சிட்டுக் கெளம்பிட்டேங்க. தெஹிவளையில கூட்டாளிங்க ரூம்ல கேரம் வெளையாடிக்கிட்டு இருந்தேன்." அட்டன் பக்கத்துக்காரன். பேச்சு அந்த நிலையிலும் மரியாதையாக வந்தது.

"அவை வந்து சொல்லுவினமோ?"

"அவனுங்கள இழுக்காதீங்க மிஸ். நாலு பேரு, யாழ்ப்பாணத்துப் பொடியங்க. பொலிஸ்ல பதியாம கொழும்புல தங்கியிருக்கானுங்க. இங்க வந்து வாயத் தொறந்தா என்னைய மாதிரிதான் ஒக்காந்திருப்பானுங்க." உடைந்த கையை மடியில் மெல்ல நகர்த்தினான். "வெரலு போனாப் போகட்டுங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். செத்துப்போன ஐயா சட்டையில ஒயில் அடிச்சிருக்காம். மெஷின் ஒழுகுதாம். ஆறு வருசமா என் மெஷின் ஒரு சொட்டு ஒழுகினதில்லீங்க. இப்ப ஒழுகுதுன்னா யாரோ கைய வெச்சிருக்காங்க."

வெளியே வரும்போது சப் இன்ஸ்பெக்டர் சிறில் மேசைக்குப் பின்னாலிருந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "மிஸ், நாலு மணிக்கு இவனைப் பெரிய இடத்துக்கு அனுப்புறது. அதுக்குப் பிறகு என்னோட கையில இல்ல."

பெரிய இடம் என்றால் என்ன என்று 1996இல் வெள்ளவத்தையில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. அங்கே போனவர்களைத் தாய்மார் படத்தோடு தேடுவார்கள். அவ்வளவுதான்.

ஓட்டோவில் ஏறியதும் மிஸ் கேட்டார்: "றவூப், உமக்கு என்ன விளங்கினது?"

"மூணு விரல் ஒடஞ்சவன் மெஷினுக்காக வக்காலத்து வாங்குறான். இவன் கொலகாரன் என்டா நான் பரதநாட்டிய டீச்சர்."

"ஒயில் எங்கயிருந்து ஒழுகினது எண்டு பிடிச்சால், கை வைச்ச ஆள் பிடிபடும். விடும் ஓட்டோவை."

அப்போது மணி பதினொன்றரை.

நாகேந்திரம் வாத்தியாரின் வீடு கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் கடைசி வீடு. வெள்ளவத்தையில் ஒரு முழு ரெனிஸ் மைதானம் அளவுக்குப் புல்தரை வைத்திருந்த கடைசி மனிதரும் அவர்தான். கொட்டகைக்கு முன்னால் அந்தப் புல்லில் இரத்தம் காய்ந்து கறுத்து, ஈ மொய்த்துக் கிடந்தது. நேற்று ஆறு மணிக்கு அவரை அங்கேதான் கண்டெடுத்தார்கள். யாரோ கனத்த இரும்பால் நாலைந்து தரம் போட்டிருக்கிறார்கள். முதல் அடியிலேயே உயிர் போயிருக்கும், மற்றவை ஆத்திரத்துக்கு. ஒரு பல் இன்னும் புல்லுக்குள் கிடந்தது. நான் அதை மிதிக்காமல் சுற்றிப் போனேன்.

அன்னபாக்கியம் அக்கா, வாத்தியாரின் மனைவி, படியில் உட்கார்ந்திருந்தார். எங்களை அழைத்ததே அவர்தான். "பிள்ளை, ஆறு வருஷம் என்ரை கையால சோறு திண்டவன். அவன் செய்யேல்லை. எனக்குத் தெரியும். ஆனா என்ரை தம்பி கண்ணால கண்டனான் எண்டு சொல்லிப்போட்டான்."

தம்பி யோகநாதன் மேல்மாடியில் குடியிருப்பவர். நாற்பது வயதிருக்கும், சலவை மடிப்புக் கலையாத சேர்ட். இந்த மின்வெட்டுக் காலத்தில் கொட்டாஞ்சேனையிலிருந்து தெஹிவளை வரை கடைகளுக்கும் கலியாண மண்டபங்களுக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவர். எங்களுக்கு அவரே சோடா உடைத்துத் தந்தார்.

"மேல பல்கனியில நிண்டனான். அஞ்சரைக்கு மெஷின் ஸ்ரார்ட் பண்ணின சத்தம். எட்டிப் பார்த்தால் சிவமணி. பிறகு நான் உள்ள போயிட்டன். இப்பிடிச் செய்வான் எண்டு ஆர் நினைச்சது?" கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மெஷின் எவ்வளவு நேரம் ஓடினது?" என்று மிஸ் கேட்டார்.

"ஒரு இருபது நிமிஷம்."

மதிலுக்கு மேலால் ஒரு தலை எட்டியது. பக்கத்து வீட்டு லுத்பியாத் தாத்தா. எங்கள் முஸ்லிம் பேச்சில் தாத்தா என்றால் அக்கா. ஒழுங்கையில் எது நடந்தாலும் அவருக்குத்தான் முதல் டிக்கட்.

"இருவது நிமிஷம் சரி" என்றார் அவர். "ஆனா மகள், ஒரு விசயம். சிவமணி புல்லு வெட்டுற நேரம் சத்தம் இங்கால வரும், அங்கால போகும். எனக்குத் தலயிடி வாறதே அதாலதான். நேத்து அது நின்ட எடத்திலயே நின்டு கத்திச்சி. பொகையும் நீலமா வந்திச்சி. உடுப்பு காயப் போட்டதெல்லாம் நாறிப் போச்சி."

நான் புல்தரையைப் பார்த்தேன். சிவமணி நாலு மணிக்கு முடித்த வெட்டு ஒரே சீராக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு புல்லின் தலையையும் யாரும் தொடவில்லை. ஆக, மெஷின் ஓடியது வெட்டுவதற்கு அல்ல. வாத்தியார் கத்துவது கேட்கக்கூடாது என்பதற்கு.

"கத்துறத மறைக்க இவர்ட ஜெனரேட்டரே போதுமே" என்று மிஸ்ஸின் காதில் சொன்னேன்.

"ஜெனரேட்டர் சத்தம் கேட்டால் சனம் யோகநாதனை நினைக்கும். இந்தச் சத்தம் கேட்டால் சிவமணியை நினைக்கும். சத்தத்துக்கும் முகம் இருக்கு, றவூப். மெஷினை இழும் வெளியில."

மெஷினைப் பார்த்ததும் எனக்கு மனம் கெட்டுப்போனது. பிள்ளையைப் போல வைத்திருந்த எஞ்சின் தலை முதல் கால்வரை ஒயிலில் தோய்ந்து நின்றது. அடித்தகட்டில் ஒரு குளமே இருந்தது.

"அடி சீல் போயிட்டு மிஸ். கேஸ் முடிஞ்சி."

"எப்பிடித் தெரியும்?"

"அடியிலதானே ஒயில் நிக்கிது."

"மழை பெய்தால் வெள்ளம் முற்றத்தில நிக்கும். முற்றத்திலயோ மழை உண்டாகிறது?"

இப்படிப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது, வேலையைச் செய்ய வேண்டும். மண்ணெண்ணெயால் எஞ்சினைக் கழுவினேன். உடுத்துப் பழசான சாரம் ஒன்றால் ஈரம் போகத் துடைத்து, வெயிலில் காயவைத்தேன். அக்காவின் அலுமாரியிலிருந்த முகப்பவுடரை வாங்கி மேலும் கீழும் தூவினேன். எண்ணெய் எந்த இடத்தில் முதலில் வெளியே வருகிறதோ அந்த இடத்தில் பவுடர் முதலில் நனையும். மருதானையில் இந்த வித்தைக்காகவே என்னைத் தேடி வந்தவர்கள் உண்டு. எஞ்சின் மணப்பெண்ணைப் போல வெள்ளையாக நின்றது.

கயிற்றை இழுத்தேன். மூன்றாவது இழுவையில் இருமிக்கொண்டு கிளம்பியது. குபீரென்று நீலப் புகை. மிஸ் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார்.

அடியில் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. வடிக்கிற நட்டில் வெள்ளை. பக்கவாட்டில் வெள்ளை. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, காற்றை வடிகட்டும் ஃபில்டர் பெட்டியின் ஓரத்தில் ஒரு கறுத்தக் கோடு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தடித்து, வழிந்து, பெட்டியின் இடுக்கால் துப்பத் தொடங்கியது. என் கன்னத்தில் ஒன்று, மிஸ்ஸின் கண்ணாடியில் ஒன்று.

நிறுத்திவிட்டு ஃபில்டரைக் கழற்றினேன். உள்ளே இருந்த பஞ்சைப் பிழிந்தால் சட்டியில் ஊற்றி மரக்கறி பொரிக்கலாம்.

"மிஸ், இது ஒழுகல் இல்ல. வாந்தி. எந்தச் சாமானும் ஒடயல்ல. எஞ்சின் குடிச்சது கூடிப் போச்சி, வயிறு தாங்காம மூச்சுக் குழாயால எடுத்திருக்கி."

அளவு பார்க்கிற கம்பியை உருவினேன். கம்பியில் அளவு பார்க்கவே இடமில்லை. எண்ணெய் ஊற்றுகிற குழாயின் கழுத்துவரை எண்ணெய் தளும்பிக்கொண்டு நின்றது. குழந்தையைக் குளிக்க வைக்கிற பேசினில் வடித்து, வெறும் சாராயப் போத்தலில் அளந்தோம். முக்கால் போத்தல் கொள்கிற எஞ்சின். துப்பியது போகவே ஒரு போத்தல் நிறைந்து, இன்னும் அரைப் போத்தல் பேசினில் மிஞ்சியது.

"சிவமணி இப்பிடி ஊத்துவானோ?"

"ஆறு வருஷம் சோறூட்டின ஆள் ஒரு நாளைக்குப் பானையோட பிள்ளைட வாய்க்குள்ள கவிழ்ப்பானா? இது எஞ்சினப் பத்தி ஒரு மண்ணும் தெரியாதவன் பார்த்த வேல."

மிஸ் கண்ணாடியைத் துடைத்தபடி தலையாட்டினார், இல்லை என்று. "ஒண்டும் தெரியாதவன் ஒயில் மூடியைத் திறக்கவே மாட்டான். பெற்றோல் இருந்தால் கயிற்றை இழுப்பான், போவான். இவன் ஸ்ரார்ட் பண்ண முன்னம் ஒயில் பார்த்திருக்கிறான். எஞ்சின் தெரிஞ்ச ஆள், றவூப். இந்த எஞ்சின் தெரியாத ஆள்."

மணி ஒன்றே முக்கால்.

இரண்டு மணிக்குச் சொல்லி வைத்தாற்போல் கரண்ட் போனது. ஒழுங்கை முழுக்க ஒவ்வொன்றாக ஜெனரேட்டர்கள் கத்தத் தொடங்கின. யோகநாதன் கையில் ஒயில் கேனோடு கொட்டகைப் பக்கம் வந்தார். செத்த வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மின்விசிறி ஓட வேண்டுமே. சிவப்பு நிறத்தில் ஒரு பெற்றோல் ஜெனரேட்டர். பக்கத்தில் ஒரு பழைய டீசல் எஞ்சின், அதைச் சுற்றி ஸ்ரார்ட் பண்ணுகிற முழ நீள இரும்பு ஹேண்டில் அதன் மேலேயே கிடந்தது.

அவர் குந்தி உட்கார்ந்து ஜெனரேட்டரின் ஒயில் மூடியைத் திறந்தார். வாய்க்குள் எட்டிப் பார்த்தார். எண்ணெய் வாயில் வந்து மினுங்கும்வரை ஊற்றினார். விரலால் விளிம்பைத் துடைத்து, மூடி, கயிற்றை இழுத்தார். பத்து விநாடி வேலை. கை தன்பாட்டில் செய்தது.

அது முழுக்கச் சரியான முறை. ஜெனரேட்டரின் ஒயில் வாய் இடுப்பில் இருக்கிறது. அதில் எண்ணெய் தெரிந்தால்தான் அளவு சரி. தெரியாவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் தானாக நின்றுவிடும். புல் மெஷினின் ஒயில் வாய் இருப்பது கழுத்தில். அதில் எண்ணெய் தெரிய வேண்டுமென்று ஊற்றினால் மனுஷன் மூழ்குகிற அளவுக்கு ஊற்ற வேண்டும்.

நானும் மிஸ்ஸும் ஒருவரையொருவர் பார்த்தோம். இந்த ஆள் உடைத்துத் தந்த சோடாவைக் குடித்திருக்கிறேன்.

"இப்பவே பொலிஸுக்குச் சொல்லுவோம்" என்றேன்.

"என்னெண்டு? ஜெனரேட்டருக்கு ஒயில் விட்டவர் எண்டோ? சிறில் சிரிப்பார். அவர் கண்ணுக்கு முன்னால இந்தாள் தன்ரை கையால ஊத்தவேணும்." உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தார்.

சிறில் ஒரு கொன்ஸ்டபிளோடு ஜீப்பில் வந்து சேர மூன்று மணி ஆகிவிட்டது. வந்ததும் கைக்கடிகாரத்தைத்தான் காட்டினார். "மிஸ், இன்னும் ஒரு மணித்தியாலம். மொகத பெண்டுவன்ன தியென்னே? என்ன காட்டுறது?"

"உங்கட சாட்சிக்காரர் ஒரு சின்ன உதவி செய்யப் போறார்" என்றார் மிஸ். பிறகு, தேன் வடிகிற குரலில், "யோகநாதன் அண்ணை! மெஷினைக் கழுவி ஒயிலை வடிச்சுப்போட்டம். திருப்பி விட வேணும். றவூப்புக்கு எவ்வளவு விடுறது எண்டு தெரியேல்லையாம். நீங்கள் ஒருக்கா விட்டுத் தாறீங்களோ?"

எனக்கு எண்ணெய் அளவு தெரியாதாம்! மருதானையே சிரிக்கும். கொலைகாரனைப் பிடிக்கிறதற்காக அந்த அவமானத்தையும் விழுங்கிக்கொண்டு தலையைச் சொறிந்தேன்.

யோகநாதன் சிரித்தார். "உதவிக்கு நல்ல ஆளைத்தான் வைச்சிருக்கிறியள்." குந்தினார். மூடியைத் திறந்தார். எட்டிப் பார்த்தார். ஊற்றினார். ஒரு போத்தல் போனது. இன்னும் எட்டிப் பார்த்தார். இன்னும் ஊற்றினார். கழுத்தில் எண்ணெய் வந்து மினுங்கியது. விரலால் விளிம்பைத் துடைத்தார்.

"இவ்வளவும் வேணுமோ அண்ணை?" என்றார் மிஸ்.

"வாயில எண்ணெய் தெரியவேணும். இல்லாட்டி இடையில நிண்டுபோகும்."

"ஜெனரேட்டர் நிண்டுபோகும். இது நிக்காது. றவூப், இழும்."

இழுத்தேன். நீலப் புகை மதில் உயரத்துக்கு எழுந்தது. பெட்டியின் இடுக்கால் ஒயில் சீறி, முன்னால் நின்ற சிறிலின் காக்கிச் சட்டையில் நெஞ்சிலிருந்து வயிறுவரை பொட்டுப் பொட்டாய்ப் படிந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்த சிறில், குனிந்து தன் சட்டையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். நேற்று இதே பொட்டுகளை இதே இடத்தில் இன்னொரு சட்டையில் அவர் பார்த்திருக்கிறார்.

"அல்லா! இதே பொகதான்!" என்று மதிலுக்கு மேலிருந்து லுத்பியாத் தாத்தா கத்தினார். அவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுத் தலைகள்.

"சேர்" என்றார் மிஸ், "சிவமணி இந்த மெஷினுக்கு ஒரு நாளும் இப்பிடி விடமாட்டான். நேற்று விட்டவர் இடையில நிண்டுபோகும் எண்டு பயந்தவர். நிண்டால் வாத்தியார் கத்துறது கேக்கும். அவர்—"

அவர் முடிக்கவில்லை. டீசல் எஞ்சின் மேலே கிடந்த ஹேண்டில் இப்போது யோகநாதனின் கையில் இருந்தது.

முதல் வீச்சு மிஸ்ஸின் தலைக்கு. நான் இடையில் புகுந்தேன். வீரம் என்று நினைக்க வேண்டாம், மெஷினின் கயிறு காலில் சிக்கி அந்தப் பக்கம் சரிந்தேன். இரும்பு என் விலாவில் இறங்கியது. உள்ளே இரண்டு எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்த இடத்தில் வாத்தியாரின் இரத்தம் என் உள்ளங்கையில் ஒட்டியது. இரண்டாவது வீச்சு கொன்ஸ்டபிளின் தாடையில். அவன் துவக்கோடு சேர்ந்து சாய்ந்தான். சிறிலின் கை இடுப்புத் துவக்கில் இருந்தது, ஆனால் துவக்கு உறையை விட்டு வரவில்லை. ஏன் வரவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

மூன்றாவது வீச்சுக்கு யோகநாதன் கையை ஓங்கியபோது மிஸ் பேசினைத் தூக்கி, மிஞ்சியிருந்த ஒயில் முழுவதையும் அவர் முகத்தில் ஊற்றினார். கண் தெரியாமல் ஒரு அடி எடுத்து வைத்தார். கால் வழுக்கியது. மல்லாக்க விழுந்து, கொட்டகைப் படியில் பின்தலை மோதி, ஹேண்டில் கையை விட்டுப் போனது.

அதை எடுத்தது அன்னபாக்கியம் அக்கா.

அவர் எப்போது படியை விட்டு இறங்கினார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்துத் தம்பியின் முழங்காலில் போட்டார். எலும்பு நொறுங்கியது. இன்னொன்று, அதே முழங்காலில். மூன்றாவதைத் தலைக்கு நேரே தூக்கினார். மிஸ் பாய்ந்து பின்னாலிருந்து அவரைக் கட்டிப்பிடித்தார்.

"விடு பிள்ளை! நேற்று அந்த மனுசன் மத்தியானம் சாப்பிடேல்லை. ஏனெண்டு கேட்டதுக்கு, உன்ரை தம்பியோட ஒரு கதை இருக்கு எண்டார். என்ன கதையெடா அது? என்னடா செய்தனீ?"

யோகநாதன் அக்காவைப் பார்க்கவில்லை. எண்ணெய் வழிகிற முகத்தைச் சிறிலின் பக்கம் திருப்பி, சிங்களத்தில் கத்தினார். எனக்கு நன்றாக விளங்கியது. மதிலில் இருந்த எல்லாருக்கும் விளங்கியது.

"சேர், சொல்லுங்க! நான் உங்க ஆள்! ஏழு பேரைக் காட்டித் தந்தேன்! இந்த ஒழுங்கையில மட்டும் மூணு பேர்! அந்தக் கிழவன் கண்டுபிடிச்சிட்டான், எல்லாருக்கும் சொல்லப் போறேன் என்றான். நான் வேற என்ன செய்ய?"

மெஷினை நான் எப்போது நிறுத்தினேன் என்று நினைவில்லை. அந்த அமைதியில் கடல் இரைவது கேட்டது. லுத்பியாத் தாத்தாதான் மெல்லக் கேட்டார்: "அப்ப முன்வீட்டுப் புள்ளயக் காட்டிக் குடுத்ததும் நீதானா?"

யோகநாதன் அப்போதுதான் மதிலைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு விளங்கிய கணத்தை நான் கண்டேன். உடைந்த காலை இழுத்துக்கொண்டு புல்லில் ஊர்ந்து போய்ச் சிறிலின் சப்பாத்தைப் பிடித்தார்.

"சேர், விலங்கைப் போடுங்க. நான்தான் கொன்றேன், எழுதித் தாறேன். இங்க விட்டுட்டு மட்டும் போகாதீங்க."

தூக்குக்குப் போகிற குற்றத்தை ஒருவன் இப்படிக் கெஞ்சி ஒப்புக்கொண்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சிறிலின் முகம் சாம்பலாகியிருந்தது. தன்னுடைய ஆளைச் சுடவும் முடியாமல், காப்பாற்றவும் முடியாமல் இவ்வளவு நேரம் நின்றவர், கடைசியில் இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தார்.

பொலிஸ் நிலையத்துக்கு நாங்கள் போய்ச் சேரும்போது மூன்று ஐம்பது. ஒவ்வொரு குழியிலும் என் விலா எலும்பு எனக்கு நினைவூட்டல் கடிதம் எழுதியது. ஆனாலும் ஓட்டோவை ஓட்டினேன், பாட்டும் முணுமுணுத்தேன். ஒரு உயிரைப் பத்து நிமிடத்தில் தப்பவைத்திருக்கிறோம். அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. மிஸ்கூடச் சிரித்தார்.

சிறில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். பின்னறையிலிருந்து சிவமணியைக் கொண்டுவந்தார்கள். பாதத்திலும் அடித்திருக்கிறார்கள், ஊன்ற முடியவில்லை. நான் நல்ல பக்கத்துத் தோளைக் கொடுத்தேன்.

"விட்டுட்டாங்களா மிஸ்? நெசமாவா?"

"ஓம். உம்மட மெஷின் ஒழுகேல்லை. யோகநாதன் கழுத்துவரை ஊத்தினவர்."

வீங்கிய முகத்தில் ஒரு பெருமை வந்தது. "நான் சொன்னேன்ல."

முன்மண்டபத்துக்கு வந்தோம். காலையில் வெறுமையாகக் கிடந்த வாங்கில் நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். சேர்ட்டுகளைக் கழற்றியிருந்தார்கள். கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. ஒருவனுடைய மூக்கிலிருந்து இரத்தம் நெஞ்சில் வடிந்துகொண்டிருந்தது.

என் தோளில் கிடந்த சிவமணியின் கை இறுகியது.

"எதுக்குடா வந்தீங்க? நான் ஒரு பேருகூடச் சொல்லலியேடா!"

ஓரத்தில் இருந்த கண்ணாடிக்காரப் பையன் தலையை நிமிர்த்தினான். கண்ணாடியில் ஒரு பக்கம் உடைந்திருந்தது.

"அதுதான் வந்தனாங்கள்" என்றான். "அஞ்சரைக்கு நீ எங்களோட இருந்தனீ எண்டு சொல்ல வந்தனாங்கள். இங்க வந்தது இரண்டரைக்கு."

மிஸ் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒண்டே முக்காலுக்கு எனக்குப் பாதி விளங்கிட்டுது, றவூப். இரண்டு மணிக்கு முழுக்க. நான் ஆளை வைச்சு வேடிக்கை காட்ட வெளிக்கிட்டு ஒரு மணித்தியாலம் போக்கினனான்." அவர் குரல் அப்படி உடைந்ததை நான் கேட்டதில்லை. எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது. யாரை என்று தெரியவில்லை.

"இவங்க பதிவு இல்ல" என்றார் சிறில், எங்களைப் பார்க்காமல். "நாலு மணி வண்டி வரும். ஒரு ஆளுக்குச் சொன்னது, இப்ப நாலு ஆள். மிஸ், நீங்க வீட்ட போங்க. உங்க ஆள் வெளிய வந்தாச்சு."

மிஸ் நேரே அவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"வாத்தியார் கண்டுபிடிச்சதை இப்ப ஒழுங்கை முழுக்க அறியும், சேர். அந்த ஏழு பேரின்ரை கதையும், ஆர் கேட்டு ஆர் காட்டினது எண்டதும் நாளைக்கு நீதவானுக்கு முன்னால நான் சொல்லத்தான் போறன். அதோட இந்த நாலு பேரையும் சேர்க்கிறதோ இல்லையோ எண்டு நீங்கள் யோசியுங்கோ. அவசரமில்லை."

சிறில் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

வாசலில் வண்டி ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மிஸ் என் பக்கம் திரும்பினார். "சிவமணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோம். நீரும் விலாவைக் காட்டும்."

"நீங்க மிஸ்?"

அவர் போய், பையன்களை ஒரு பக்கம் ஒதுங்கச் சொல்லி, அந்த வாங்கில் ஐந்தாவது ஆளாக உட்கார்ந்தார்.